காட்டுப் படத்தின் நடுவே காலி இடம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பத்து மைல்தான். போய்வர எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நான் பட்ட வயிற்றெரிச்சலை யாரிடமும் சொல்லவில்லை. எழுதினால் கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

போனது என் சொந்தக் காரியமாக அல்ல. எங்கள் ஊர் மிளகாய் வத்தல் வியாபாரி தனபாலன், உறவின்முறைக் கல்யாண மண்டபத்தில் மணவறைக்குப் பின்னால் மாட்ட ஒரு காட்டுப் படம் செய்யக் கொடுத்திருந்தார். இறந்துபோன அப்பாவின் நினைவாக. ஆறடிக்கு நாலடி. வருஷத்தில் முப்பது நாள்கூட மழை பார்க்காத ஊர். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னாலாவது நாலு மரம் தெரியட்டும் என்பது கமிட்டியின் ஆசை.

முப்பத்தொரு வருஷம் ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். காடு வரைய வேண்டும் என்பதற்காகவே மேற்கு மலைக்கு மூன்று தடவை போய், பதினோரு நாள் தங்கி, நாற்பத்தாறு பென்சில் படம் போட்டுக்கொண்டு வந்தவன். அட்டை கடித்தது எட்டு இடத்தில். அவற்றை வைத்து நானும் ஒரு காடு தீட்டி தனபாலனிடம் கொண்டுபோனேன். மூவாயிரத்து இருநூறு இலை. ஒவ்வொன்றுக்கும் நரம்பு உண்டு. அவர் அதைக் கடை வாசலில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "சார், தப்பா நெனைக்காதீக. கீரைக்கட்டு மாதிரி இருக்கு" என்றார்.

வேலை திருச்சுழி கருப்பையாவுக்குப் போயிற்று. மாட்டுவண்டிக்கும் லாரிக்கும் பெயின்ட் அடிக்கிற ஆள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாசி மாதம், படம் முடிந்த பிறகு, தனபாலன் என் வீட்டுக்கே வந்தார். "கருப்பையாவுக்கு எழுத்து கோணும் சார். உபயம் பேரை நீங்கதான் எழுதணும். போயி படத்தைக் கூட இருந்து எடுத்துட்டு வந்துருங்க. வெள்ளிக்கிழமை மொத முகூர்த்தம்" என்றார். எழுத்தில் எனக்குப் பேர் உண்டு. ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியபோது பதினாலு சர்க்கார் ஆபீஸ் போர்டுகளை நான்தான் திருத்தி எழுதினேன்.

"எங்க எழுதணும்?" என்று கேட்டேன்.

"போன மாசம் போயிப் பாத்தேன் சார். நடுவுல வெளிச்சமா ஒரு எடம் சும்மா கெடக்கு. அதுல எழுதிருங்க, பெருசா."

வாசகத்தைத் துண்டுக் காகிதத்தில் கொடுத்தார். 'அமரர் ரா. சங்கரலிங்கம் நினைவாக மகன் ச. தனபாலன் உபயம்.' புள்ளி எழுத்தும் சேர்த்து முப்பது எழுத்து. நடுவில் ஓர் இடம் சும்மா கிடக்கிறது என்று கேட்டதும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வரையத் தெரியாதவன்தான் நடுவில் காலி விடுவான்.

திங்கள்கிழமை காலை பஸ் ஏறினேன். நாலாவது மைலில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. கண்டக்டர் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனார். கண்ணுக்கு எட்டிய வரை கரிசல், வெடித்த பருத்தி, ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் ஒன்பது பேர் உட்காரலாம். நாங்கள் இருபத்திரண்டு பேர். ஆகவே முறை வைத்து உட்கார்ந்தோம். என் முறை முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். அது பொய். எனக்கு இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது.

"கெடிகாரம் கட்டுனவுகளுக்கு மட்டும் வெயிலு அதிகமா அடிக்குமோ?" என்றாள் அவள். பிறகு அவளே மடியிலிருந்து பனங்கிழங்கு ஒன்றை ஒடித்துக் கொடுத்தாள். "தின்னுங்க அய்யா. வாயி சும்மா இருந்தா கோபம் வரும்."

திருச்சுழியில் இறங்கியதும் கிளப்புக் கடையில் நாலு இட்லி சாப்பிட்டேன். எங்கள் ஊர் இட்லியைவிடச் சின்னது. சட்னி எங்கள் ஊரைவிட நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கருப்பையாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாசலில் பச்சையும் சிவப்புமாக ஆறு வண்டிச்சக்கரம் காய்ந்துகொண்டிருந்தன. நாற்பது வயது இருக்கும் ஆள். கையில் பெயின்ட் படாத விரல் ஒன்றுகூட இல்லை. "வாங்க சார். தனபாலன் அண்ணாச்சி சொல்லி அனுப்பிச்சாக" என்று உள்ளே கூட்டிப்போனார். ஜன்னல் இல்லாத அறை. சுவரில் சாத்தியிருந்த படத்தை மூடிய வேட்டியை எடுத்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழக வேண்டியிருந்தது. பிறகு மரங்கள் வந்தன. ஏழே மரம். இலை என்று ஒன்றைத் தனியாகக் காட்ட முடியாது. எல்லாம் ஈரமான கறுப்புப் பச்சை. நடுவில், இடது மேல் மூலையிலிருந்து சாய்ந்து, வெளிச்சம் இறங்கியிருந்தது. ஒன்பது கற்றை. ஒவ்வொன்றிலும் ஏதோ தூசி மாதிரி மிதந்தது. தரையில் அது விழுந்த இடத்தில் சருகு பழுப்பாக, சூடாகத் தெரிந்தது. சுற்றிலும் குளிர். அந்த இடத்தில் இப்போதுதான் யாரோ நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. காலை பத்து அல்லது பத்தரை மணி. அதைக்கூடச் சொல்ல முடிந்தது. என் காட்டில் மணி என்ன என்று யாரும் சொன்னதில்லை.

குற்றம் தேடினேன். மூன்றாவது மரத்தின் நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது. பிறகு பார்த்தால் வலது பக்கம் இன்னொரு சின்னக் கற்றை, வேறு சந்தில் இருந்து. நிழல் சரி. இன்னொன்று: நான் பார்த்த நிஜக் காட்டில் வெளிச்சம் தரையில் வட்ட வட்டமாகக் கிடக்கும், இப்படிக் கம்பி கம்பியாக நிற்காது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் இதைப் பார்த்த பிறகு நான் பார்த்த காடுதான் தப்பு என்று பட்டது.

"எந்த மலையில் பார்த்தீங்க?" என்றேன்.

"மலையா? மேக்க பாலவனத்தம் வரைக்கும் போயிருக்கேன் சார். மச்சான் கல்யாணத்துக்கு."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "அங்கயும் பந்தியில எடம் கெடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு மத்தியானமே திரும்பிட்டாக."

"அப்ப இந்த வெளிச்சம்?"

கருப்பையா தலையைச் சொறிந்தார். "பரளச்சிப் பக்கம் பருத்தி அரவை ஷெட்டுல பன்னெண்டு வருசம் பஞ்சு அள்ளுனேன் சார். தகரக் கூரை, பூரா ஓட்டை. காலம்பற பத்து மணிக்குப் போயிப் பாருங்க. இதுதான்."

மூன்று மலைப் பயணம், பதினோரு நாள், எட்டு அட்டைக்கடி. இந்த ஆள் ஒரு ஓட்டைத் தகரத்துக்குக் கீழே நின்றுகொண்டு காட்டைப் பிடித்துவிட்டார்.

வார்னிஷ் காயவில்லை, புதன்கிழமைதான் எடுக்கலாம் என்றார். வேட்டியை மறுபடி போர்த்துகிறபோது, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "பேரு எழுதத்தான சார் வந்திருக்கீக? எங்க வேணும்னாலும் எழுதுங்க. அந்த நடு எடத்த மட்டும் விட்டுருங்க. நாலு மாசமா அதுலயேதான் கெடந்தேன்."

"முதலாளி சொல்ற இடத்தில எழுதுறவன் நான்" என்றேன். அது உண்மை. சொல்ல ஆசையாகவும் இருந்தது.

சத்திரத்தில் தங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை பருத்தி ஏற்றப் போகும் லாரி ஒன்று பரளச்சிப் பக்கம் போனது. டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. டிரைவர் வழியெல்லாம் தன் மாமனார் கொடுக்காத மோதிரத்தைப் பற்றிப் பேசினார். நான் வழியில் மரம் எண்ணினேன். வேம்பு பதினொன்று, புளி ஐந்து, பனை அறுபத்துமூன்று. உடைமரத்தை எண்ணவில்லை, அதை எண்ணத் தொடங்கினால் ஆயுசு போதாது.

ஷெட்டுக்குள் போனேன். அரவை இயந்திரம் காதைப் பிளந்தது. உள்ளே முழுக்கப் பஞ்சுத் தூள் பறந்தது. கூரை ஓட்டைகளிலிருந்து வெயில் சாய்ந்து சாய்ந்து இறங்கி, அந்தத் தூளில் பட்டு, மூங்கில் கழிகளை நட்டுவைத்த மாதிரி நின்றது. கருப்பையா பொய் சொல்லவில்லை. அதே நிறம். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. விதை அழுக்குப் படிந்த பருத்தியின் நிறம். கம்பங்களும் மூட்டை அடுக்குகளும் இருட்டில் மரம் மரமாக நின்றன. என்னை அறியாமல் ஓட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். குடையும் கண்ணாடியும் கையில் நோட்டுப் புத்தகமுமாக நின்றேன்.

தரையில் உட்கார்ந்து அழுக்குப் பருத்தியைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏத்தா, அங்க பாரு. பெரியவரு கூரையப் பாத்து என்னமோ முணுமுணுக்குறாரு."

"சாமி பேரு சொல்லுறாரோ என்னமோ."

"சாமி இல்லடி. முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சுங்கிறாரு."

மேஸ்திரி ஓடி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "அய்யா, உக்காருங்க. ஏலே, ஸ்டூல எடு. மோரு கொண்டா." பிறகு காதுக்குப் பக்கத்தில் வந்து, "அடைக்கணும்னுதான் சார் இருந்தோம். தகரம் வந்து கெடக்கு. ரிப்போர்ட்டு எழுதிராதீக. உங்க கண்ணு முன்னாலயே அடைச்சிருவோம்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு ஆட்கள் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிவிட்டார்கள். பழைய தகரத் துண்டு, தாரில் தோய்த்த சாக்கு. முதல் ஓட்டை அடைபட்டது. ஒரு கழி மறைந்தது. இரண்டாவது, மூன்றாவது.

மொத்தம் ஐம்பத்துமூன்று ஓட்டை. முதல் பத்தொன்பது அடைபடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து மோர் குடித்தேன். மோரில் கறிவேப்பிலையும் இஞ்சியும் இருந்தன. இனி யாரும் இங்கே வந்து இந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது, கருப்பையாவும் கூட, என்று நினைத்தபோது மோர் குளிர்ச்சியாகவே இறங்கியது.

இருபதாவது ஓட்டையை அடைக்கப் போனபோது ஷெட்டின் மேற்குப் பாதி வெறும் இருட்டாகிவிட்டிருந்தது. திடீரென்று எழுந்து கத்தினேன்: "நிறுத்துங்க! நான் இன்ஸ்பெக்டர் இல்ல. ரிட்டயர்டு வாத்தியார்."

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "புரியுது சார். போன தடவை வந்த இன்ஸ்பெக்டரு மாடு வாங்க வந்த மாதிரி வந்தாக." கூரையைப் பார்த்து, "ஏலே, சார் கோபப்படுறாக. சுருக்கா அடிங்கடா!" என்று சத்தம் போட்டார். மேலே சுத்தியல் இன்னும் வேகமாகக் கேட்டது.

பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. நாலு பல்பு போட்டார்கள். வேறு எந்த ஷெட்டையும் போல ஆகிவிட்டது.

வெளியே வரும்போது பருத்தி பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவள் என்னைப் பார்த்து, "நல்லாருப்பீக சாமி" என்றாள். "இம்புட்டு நாளா முதுகுல கொள்ளிக்கட்டைய வச்ச மாதிரி இருந்துச்சு. வெயிலு நகர நகர நாங்களும் குண்டியத் தூக்கிக்கிட்டு நகரணும். இன்னைக்குத்தான் ஒரு எடத்துல உக்காந்து வேல பாக்கோம்." மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் ரோட்டில் நின்றேன், லாரி லோடு ஏற்றி முடியும் வரை. எனக்கு அந்த வாழ்த்து வேண்டும் என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது.

புதன்கிழமை படத்தை வேட்டியில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றினோம். கருப்பையாவிடம் ஷெட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கண்டக்டர் மேலே போடச் சொன்னார். மேலே வத்தல் மூட்டை இருபது இருந்தது. சண்டை போட்டு, பின் ஸீட்டில் நிறுத்தி, பத்து மைலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். யாருடைய படத்துக்கு நான் இப்படிக் கை வலிக்கப் பிடிக்கிறேன் என்று நினைத்து நினைத்து எரிந்தது.

வழியில் படத்தைச் சுற்றியிருந்த வேட்டி நழுவிற்று. எனக்கு முன் ஸீட்டில் இருந்த இரண்டு சம்சாரிகள், காடு கரை வைத்து உழுகிறவர்கள், திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கு முப்பத்தொரு வருஷம் பாடம் எடுத்தவன்; எனக்குப் புரியும்.

"நல்ல நிழல். இங்கே மாட்டைக் கட்டலாம்" என்றார் ஒருவர்.

மற்றவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில் கட்டாதே. மத்தியானம் வெயில் இந்தப் பக்கம் வந்துவிடும். இந்த மரத்தடியில் கட்டு."

"தண்ணீர்?"

"பின்னால் இருக்கும். இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதே."

மூவாயிரத்து இருநூறு இலை போட்டேன். என் காட்டில் ஒரு மாட்டைக் கட்ட ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

அன்று மத்தியானம் தனபாலன் கடையில், வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் படத்தை நிறுத்தினோம். எல்லோரும் மாறி மாறித் தும்மினோம். அவர் நடு இடத்தைக் கையால் தடவிக் காட்டினார். "இந்தா, இதுதான் சார். எம்புட்டு எடம் சும்மா கெடக்கு பாருங்க."

நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். முப்பது எழுத்தும் மூன்று வரியில் அழகாக அடங்கும். ஒன்பது கற்றையும் முழுக்க மறைந்துவிடும். முதலாளி சொன்ன இடத்தில் எழுதினேன் என்றால் போதும், வேறு யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டில் அந்த வெளிச்சம் அணைந்ததும் என்னால்தான். மீதி இருப்பது இந்தத் துணியில் இருப்பது மட்டும். ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

"இங்க எழுதினா தெரியாது தம்பி. வெளிச்சத்து மேல வெள்ளை எடுபடாது."

"கறுப்புல எழுதுங்க."

"கல்யாணத்துல மணவறைக்குப் பின்னால கறுப்பெழுத்தா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமா, வேணாம். செகப்பு?"

"சிவப்புன்னா எலெக்‌ஷன் சுவர் மாதிரி இருக்கும்."

"அப்ப எங்கதான் எழுதுவீக?"

வலது ஓரத்து முன் மரத்தைக் காட்டினேன். "அடிமரம் பதினாலு அங்குல அகலம். ஆறு வரியா எழுதுறேன்."

"மரத்துல பேரு வெட்டுறது காலிப் பயக வேல சார்" என்றார் தனபாலன்.

"வெட்டின மாதிரி இருக்காது. மரத்து மேல வெயில் விழுந்து பேர் தெரியிற மாதிரி இருக்கும். உங்கப்பா பேர் மேல வெயில் விழுந்தாப்பல."

அவர் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த அப்பா போட்டோவைப் பார்த்தார். "எங்கப்பா கடைசி வரைக்கும் வெயில்ல வத்தல் காயப்போட்டவுக" என்றார். "சரி. எழுதுங்க."

கருப்பையாவுக்கு இரக்கப்பட்டுச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஒன்பது கற்றை மேல் எழுதினால் என் எழுத்தை யார் பார்ப்பார்கள்? இருட்டு மரத்தில் எழுதினால் பார்ப்பார்கள். அதுவும் என் கணக்கில் இருந்தது.

வியாழக்கிழமை ஐந்தரை மணி நேரம் எழுதினேன். நிறம் கலக்கத்தான் நேரம் ஆயிற்று. வெள்ளையில் காவி, காவியில் ஒரு சொட்டு பச்சை. ஏழு தடவை கலந்து ஏழு தடவை துடைத்தேன். எட்டாவது தடவை, அழுக்குப் பருத்தியின் நிறம் வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் இடது விளிம்பில் மட்டும் ஒரு மயிரிழை வெளிச்சம் வைத்தேன், கற்றை அந்தப் பக்கமிருந்து வருவதால்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குக் கருப்பையா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, விரல்களை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் சாப்பாட்டுக்கு ஓடியது. அவர் மட்டும் எழுந்து மணவறைக்குப் பின்னால் போனார். நானும் தூண் ஓரமாகப் போய் நின்றேன்.

நடு இடத்தை ஒரு தரம் பார்த்தார். பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு மட்டும். மூச்சு விட்டார். பிறகு முன் மரத்துக்கு வந்தார், அங்கேயே நின்றுவிட்டார். 'சங்கரலிங்கம்' என்பதில் வரும் 'லி'யின் சுழியை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தார். மறுபடி எழுதினார். நாலு தரம். வரவில்லை போலிருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்தது. தன்னுடைய ஏழு மரத்தையும் ஒன்பது கற்றையையும் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

என்னைக் கவனித்ததும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அது எனக்குத் தெரிந்த சிரிப்பு. திங்கள்கிழமை அவர் வீட்டில் என் முகத்தில் இருந்தது.

"எட்டு வருசமா வண்டியில பேரு எழுதுறேன் சார்" என்றார். "இந்தச் சுழி எனக்கு ஒரு நாளும் இப்படி நின்னதில்ல. ஒரே இழுப்பா சார்?"

"ஒரே இழுப்பு" என்றேன்.

மூன்று இழுப்பு அது. அவர் மறுபடி மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாக இருந்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.